கரண்ட் போய் வந்த பின் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கிறதா?

கரண்ட் போகிறது. கொஞ்ச நேரத்தில் வருகிறது. கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். ஃபேன் சுற்றுகிறது, விண்டோஸ் லோகோ தெரிகிறது, திடீரென்று திரை கறுத்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. இப்படியே நான்கைந்து முறை ஆனதும் சிபியுவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறோம். அங்கே பெரும்பாலும் கிடைக்கும் பதில், "விண்டோஸ் போயிடுச்சு சார், ஃபார்மட் பண்ணிடலாம்" என்பதுதான்.

நான் அஸ்தினாபுரத்தில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று தெருவில் பெயர் ஆகிவிட்டதால், மழைக்காலத்திலும் மே மாதத்திலும் இந்தப் புகாரோடு யாராவது ஒருவர் கேட்டைத் தட்டுவார்கள். நான் பார்த்த வரையில் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஃபார்மட் தேவைப்படவே இல்லை. சிலவற்றில் ஃபார்மட் செய்தும் பயன் இருந்திருக்காது. ஏனென்றால் கோளாறு விண்டோஸில் இல்லை, மேஜைக்குக் கீழே இருந்தது. ஆகவே ஸ்க்ரூ டிரைவரையோ விண்டோஸ் பென் டிரைவையோ எடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் கவனியுங்கள். கம்ப்யூட்டர் எந்தக் கட்டத்தில் ரீஸ்டார்ட் ஆகிறது?

எந்தக் கட்டத்தில் விழுகிறது?

பவர் பட்டனை அழுத்தியதும் ஓரிரு நொடியில், திரையில் எழுத்து எதுவும் வருவதற்கு முன்பே ஆஃப் ஆகி ஆன் ஆகிறதா? அப்படியானால் விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கவே அது இன்னும் ஆரம்பிக்கவில்லை. எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு, ரேம், அல்லது உள்ளே போய்ச் சிக்கிக்கொண்ட பவர் பட்டன் இவற்றில் ஒன்றுதான் காரணம்.

லோகோ வந்து, புள்ளிகள் சுற்றும் நேரத்தில், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுகிறதா? அப்போது விண்டோஸ் ஃபைல்கள், ஹார்ட் டிஸ்க், அல்லது பயாஸ் செட்டிங் மீது சந்தேகப்படலாம்.

டெஸ்க்டாப் வரை நன்றாக வந்து, பிறகு நேரம் காலம் இல்லாமல் விழுகிறதா? இதுதான் மூன்றில் ஆளை அதிகம் ஏமாற்றுவது. வெப்பம், பலம் குறைந்த எஸ்.எம்.பி.எஸ்., யு.பி.எஸ். என்று பலதும் இங்கே ஒளிந்திருக்கும்.

இரண்டாவதா மூன்றாவதா என்று தெரியாமல் குழம்பினால் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஆன் செய்தவுடன் டெலீட் கீயை (சில கம்பெனி மதர்போர்டுகளில் எஃப்2 கீயை) விடாமல் தட்டி பயாஸ் செட்டப்புக்குள் நுழையுங்கள். எதையும் மாற்றாமல் இருபது நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். அந்தத் திரையிலும் ரீஸ்டார்ட் ஆனால் ஹார்டுவேர் பிரச்சினை, சந்தேகமே வேண்டாம். அங்கே ஆடாமல் அசையாமல் நின்று விண்டோஸ் ஏறும்போது மட்டும் விழுந்தால், முதலில் டிஸ்க்கையும் விண்டோஸையும் பாருங்கள். பயாஸில் இருக்கும்போது கம்ப்யூட்டர் அதிகக் கரண்ட் இழுப்பதில்லை என்பதால் இந்தச் சோதனையில் தேறிவிட்டாலே எஸ்.எம்.பி.எஸ். நல்லது என்று சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. ஆனாலும் பாதி வழி தெரிந்துவிடும்.

கரண்ட் போவதை விட வருவதுதான் ஆபத்து

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒரு சுழற்சிக்கு 20 மில்லி செகண்ட். இன்டெல் 1995இல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். என்னும் தர வரையறையின்படி, எஸ்.எம்.பி.எஸ். உள்ளே வரும் மின்சாரம் நின்ற பிறகும் சுமார் 16 மில்லி செகண்டுக்குத் தன்னிடமுள்ள கெபாசிட்டரில் சேர்த்து வைத்ததைக் கொண்டு மதர்போர்டைத் தாங்க வேண்டும். ஒரு சுழற்சி அளவு கூட இல்லை. யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறுவதெல்லாம் இந்த இடைவெளிக்குள்தான் நடந்தாக வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து மதர்போர்டுக்கு வரும் வயர்களில் சாம்பல் நிற வயர் ஒன்று இருக்கும். "எல்லா வோல்டேஜும் சரியாக இருக்கிறது" என்று போர்டுக்குச் சொல்வது அதன் வேலை. அந்தச் செய்தி ஒரு கணம் நின்றாலும் போர்டு உடனே ரீசெட் ஆகிவிடும். பழைய எஸ்.எம்.பி.எஸ்.களில் கெபாசிட்டர் காய்ந்து போய், ட்யூப்லைட் ஒரு முறை மினுக்கினாலே கம்ப்யூட்டர் விழுந்துவிடுவதற்கு இதுதான் காரணம்.

கரண்ட் போவதால் ஏற்படும் நஷ்டம் பெரும்பாலும் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்த ஃபைலோடு முடியும். விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். ஃபைல் அமைப்பு, தான் செய்யப்போகும் மாற்றங்களை ஒரு குறிப்பேட்டில் முன்கூட்டியே எழுதிக்கொள்வதால், பாதியில் கரண்ட் போனாலும் ஃபைல்களின் பட்டியலைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் ஃபைலுக்குள் இருந்த விஷயத்துக்கு அது உத்தரவாதம் தருவதில்லை. அந்த நேரத்தில் எழுதப்பட்டுக் கொண்டிருந்தது விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியாக இருந்தால் அடுத்த முறை லோகோவோடு நின்றுவிடும்.

கரண்ட் திரும்பி வரும் நேரம் இதைவிட மோசம். தெரு முழுக்க ஃபிரிட்ஜ், ஏ.சி., மோட்டார் எல்லாம் ஒரே நொடியில் இழுக்கும். வோல்டேஜ் இறங்கி ஏறும், இரண்டு மூன்று முறை வந்து வந்து போகும். மரம் விழுந்து ஒயர் அறுந்த இடங்களில் நியூட்ரல் மட்டும் அறுந்திருந்தால் நிலைமை இன்னும் கொடுமை. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு வீட்டுக்கு 100 வோல்ட்டும் பக்கத்து வீட்டுக்கு 400 வோல்ட்டை நெருங்கியும் போகலாம். சில பல்புகள் கண்ணைக் கூசுமளவு எரிந்து, மற்றவை மங்கினால், அல்லது ஃபேன் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினால், யோசிக்காமல் மெயினை ஆஃப் செய்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். 2021இல் தொடங்கிய மின்னகத்தின் எண் 94987 94987. கடையில் விற்கும் ஸ்பைக் கார்டு இதைத் தடுக்காது. அதற்குள் இருக்கும் வாரிஸ்டர் கண நேரத் துள்ளலை விழுங்குவதற்கானது. நிமிடக்கணக்கில் 400 வோல்ட் வந்தால் அதுவே முதலில் கருகும். (பல மலிவான ஸ்பைக் கார்டுகளைத் திறந்து பார்த்தால் வாரிஸ்டரே இருக்காது. ஒரு சுவிட்ச், ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.)

வர்தாவும் ஒரு காசு அளவு பேட்டரியும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் பல தெருக்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் வந்த பிறகு எங்கள் பகுதியில் நான் பார்த்த கம்ப்யூட்டர்களில், லோகோ வந்ததும் ரீஸ்டார்ட் ஆகும் கோளாறு அடிக்கடி தென்பட்டது. அவற்றில் சிலவற்றில் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் நன்றாக இருந்தது, டிஸ்க்கும் நன்றாக இருந்தது, விண்டோஸும் நன்றாகவே இருந்தது!

விஷயம் இதுதான். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு 3 வோல்ட் பேட்டரி இருக்கும். சி.ஆர்.2032 என்று அதன் மேல் எழுதியிருக்கும். பயாஸ் செட்டிங்குகளையும் கடிகாரத்தையும் காப்பது அதுதான். சுவிட்ச் போர்டில் கரண்ட் இருக்கும் வரை, கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும், எஸ்.எம்.பி.எஸ். மதர்போர்டுக்குச் சிறிது மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். அதனால் இந்தப் பேட்டரி செத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தாலும் நமக்குத் தெரியாது. நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும். தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும். செட்டிங்குகள் எல்லாம் கம்பெனி வைத்த நிலைக்குத் திரும்பிவிடும்.

அப்படித் திரும்பும்போது, சில பழைய போர்டுகளில் சாட்டா மோடு என்னும் செட்டிங் ஏ.ஹெச்.சி.ஐ. என்பதிலிருந்து ஐ.டி.இ. என்று மாறிவிடும். ஏ.ஹெச்.சி.ஐ.யில் நிறுவிய விண்டோஸுக்குத் தன் சொந்த டிஸ்க்கே அடையாளம் தெரியாது. 7பி என்று முடியும் எண்ணுடன் ஒரு நீலத்திரை, உடனே ரீஸ்டார்ட். இதற்குச் செய்ய வேண்டியது, பேட்டரியை மாற்றி, பயாஸில் தேதியைச் சரிசெய்து, சாட்டா மோடைப் பழையபடி வைப்பது மட்டுமே. சில பத்து ரூபாய்ச் செலவு. இதற்காக ஃபார்மட் செய்து, பிள்ளைகளின் போட்டோக்களை இழந்தவர்கள் அந்த டிசம்பரில் எத்தனை பேரோ. ரீஸ்டார்ட் சிக்கலோடு கூடவே கடிகாரமும் தவறாக இருந்தால் முதலில் இந்தப் பேட்டரியைப் பாருங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்தினார்கள். தண்ணீர் ஏறிய தரைத்தளங்களில் சிபியுவே நனைந்துபோனது வேறு கதை. நனைந்த கம்ப்யூட்டரை ஆன் செய்து பார்க்கவே கூடாது என்பதை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

டியூஷன் டீச்சரின் கம்ப்யூட்டர்

2024 மே மாதம். அந்த மாதம் 2ஆம் தேதி தமிழகத்தின் மின் தேவை அதுவரை இல்லாத உச்சமாக 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மாலையானால் வோல்டேஜ் இறங்கும், நிமிடத்துக்கு ஒரு முறை கரண்ட் மினுக்கும். எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுக்கும் டீச்சர் ஒருவர் இருக்கிறார். பதினொரு வருடமாகத் தானே டைப் செய்த கேள்வித்தாள்களும், ஒவ்வொரு பாடத்துக்கும் பயிற்சித் தாள்களும் விண்டோஸ் 10 போட்ட அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான். ஜூனில் புது பேட்ச் தொடங்க வேண்டும். லோகோவைத் தாண்டாமல் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தது.

"கடைத் தம்பி ஃபார்மட் போட்டுடலாம்கறான் சார். சரின்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

"ஃபைல் எல்லாம் வேற எங்கயாவது காப்பி இருக்கா டீச்சர்?"

"பென் டிரைவ்ல கொஞ்சம் இருக்கும். அதுவும் போன வருஷத்துது."

"அப்ப இன்னிக்கு ஃபார்மட் வேண்டாம். முதல்ல ஃபைலை வெளிய எடுத்துடலாம்."

பயாஸில் இருபது நிமிடம் விட்டுப் பார்த்தேன், நின்றது. அடுத்து நீலத்திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிழை வந்தவுடன் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் விண்டோஸை அமைத்திருக்கிறார்கள். அதனால் படிப்பதற்குள் மறைந்துவிடும். நாம் பார்க்கும் "ஓயாத ரீஸ்டார்ட்" பல நேரங்களில் இந்த நீலத்திரைதான். எக்ஸ்.பி.யிலும் விண்டோஸ் 7இலும் எஃப்8 கீயைத் தட்டினால் வரும் பட்டியலில் இந்த ரீஸ்டார்ட்டை நிறுத்த ஒரு வரி இருக்கும். விண்டோஸ் 10, 11இல் எஃப்8 வேலை செய்யாது. லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்யுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் தானாகவே ரிப்பேர் திரை வரும். லோகோவிலேயே விழுந்துகொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் இந்தத் திரை நாம் எதுவும் செய்யாமலே வந்துவிடுவதும் உண்டு. அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போங்கள். வரும் பட்டியலில் 9ஐ அழுத்தினால் தானியங்கி ரீஸ்டார்ட் நிற்கும். 4ஐ அழுத்தினால் சேஃப் மோடு. (விண்டோஸ் 11இல் 2025இல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு இது நீலம் அல்ல, கறுப்புத் திரை. எழுத்து அதேதான்.)

டீச்சரின் கம்ப்யூட்டரில் வந்தது "அன்மவுண்டபிள் பூட் வால்யூம்". அதாவது டிஸ்க் தெரிகிறது, ஆனால் அதிலுள்ள ஃபைல் அமைப்பைத் திறக்க முடியவில்லை. இந்த இடத்தில்தான் பலரும் உடனே டிஸ்க் செக் கட்டளையை ஓட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். டிஸ்க்கே சாகும் நிலையில் இருந்தால், அந்தச் சோதனை அதை மணிக்கணக்கில் படிக்க வைத்து ஒரேயடியாகக் கொன்றுவிடலாம். பழுதான பட்டியலைச் "சரிசெய்யும்" வேகத்தில் ஃபைல்களைத் துண்டு துண்டாக்கியும் விடலாம். முதலில் ஃபைல், பிறகு ரிப்பேர்.

ஃபைலை எடுக்க எளிய வழி ஒன்று அதே ரிப்பேர் திரையில் இருக்கிறது. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் கமாண்ட் ப்ராம்ட்டைத் திறந்து, நோட்பேட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் என்று போய், கீழே ஃபைல் வகையை ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றுங்கள். அந்தச் சின்ன ஜன்னலே உங்களுக்கு எக்ஸ்ப்ளோரர். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து பென் டிரைவில் பேஸ்ட் செய்யலாம். சி டிரைவ் இங்கே டி என்றோ இ என்றோ தெரியலாம், பயப்பட வேண்டாம். காப்பி ஆகும்போது எவ்வளவு ஆயிற்று என்று காட்டாது. கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

டீச்சரின் கம்ப்யூட்டரில் இது பலிக்கவில்லை. டிரைவ் அங்கே திறக்க மறுத்தது. அதனால் உபுண்டு போட்ட பென் டிரைவ் மூலம் பூட் செய்தேன். எதையும் நிறுவாமல் "ட்ரை உபுண்டு" என்பதை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் திறக்க முடியாத டிஸ்க்கை லினக்ஸ் பல நேரம் படிக்க மட்டுமாவது திறந்துவிடும். இங்கும் திறந்தது. பதினொரு வருட ஃபைல்களும் மொத்தம் 6 ஜிபிக்குள்தான். இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டன. புதிய லேப்டாப்களிலும் விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களிலும் டிஸ்க் பிட்லாக்கர் மூலம் பூட்டப்பட்டிருக்கக்கூடும். அப்போது 48 இலக்க ரிகவரி கீ இல்லாமல் எந்த வழியிலும் உள்ளே போக முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் அந்தக் கீ இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

ஃபைல்கள் கைக்கு வந்த பிறகுதான் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்தேன். டிஸ்க்குகள் தம் கோளாறுகளைத் தாமே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவில், பழுதாகி மாற்றப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை பூஜ்யம். நல்ல டிஸ்க்தான். மறுபடி கமாண்ட் ப்ராம்ட்டுக்குப் போய் சி, ஹெச், கே, டி, எஸ், கே என்னும் ஆறு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து, இடம் விட்டு டிரைவ் எழுத்தும் முக்காற்புள்ளியும், மறுபடி இடம் விட்டுச் சாய்வுக்கோடும் எஃப் என்ற எழுத்தும் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. விண்டோஸ் ஏறியது. எஃப்புக்குப் பதிலாக ஆர் கொடுத்தால் டிஸ்க் முழுவதையும் அங்குலம் அங்குலமாகப் படிக்கும். 1 டெராபைட் டிஸ்க்குக்கு மணிக்கணக்கில் ஆகும். அதற்கு நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தப்போவதாகப் பேப்பரில் வந்திருக்கும் நாளில் இதைத் தொடங்காதீர்கள்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும்

இத்தோடு முடிந்திருந்தால் எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. மூன்றாம் நாள் டீச்சர் மறுபடி கூப்பிட்டார். இப்போது டெஸ்க்டாப் வரை வருகிறது, ஆனால் திடீர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறது. முதல் முறை கெட்டதற்கான காரணம் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்தால் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று வரும். அதில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போங்கள். கர்னல் பவர் என்ற பெயரில் 41 என்னும் எண்ணுடன் சிவப்புக் குறிகள் இருந்தால், கம்ப்யூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்று பொருள். அதைத் திறந்து டீடெயில்ஸ் பகுதியில் பக்செக் கோடு என்ற வரியைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இருந்தால் பெரும்பாலும் விண்டோஸ் பிழை எதுவும் இல்லை, கரண்ட்தான் துண்டிக்கப்பட்டிருக்கிறது. வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது. 41இல் காட்டும் நேரம் திரும்ப ஆன் ஆன நேரம். விழுந்த நேரம் தெரிய 6008 என்னும் எண்ணுள்ள பதிவைப் பார்க்க வேண்டும்.

டீச்சரின் பட்டியலில் கடந்த ஒரு மாதத்தில் முப்பதுக்கு மேல் இருந்தன. எல்லாவற்றிலும் பக்செக் பூஜ்யம். விழுந்த நேரங்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். மாலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில்தான் ஏறக்குறைய எல்லாமே. காலையில் ஒன்று கூட இல்லை. விண்டோஸுக்கு மாலை நேரத்தில் மட்டும் உடம்பு சரியில்லாமல் போகுமா?

அன்று மாலை ஏழு மணிக்கு மல்டிமீட்டரோடு போனேன். சுவிட்ச் போர்டில் 176 வோல்ட். வீட்டு இணைப்பில் 230 வோல்ட்டிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே சொன்னன. அதாவது 216க்குக் கீழே போகக் கூடாது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாடியில் யாரோ மோட்டார் போட்டார்கள். யு.பி.எஸ்.ஸில் 'டிக்' என்று ரிலே சத்தம். கம்ப்யூட்டர் விழுந்தது. உடனே தானாக ஆன் ஆனது.

யு.பி.எஸ்.தான்! வோல்டேஜ் ஓரளவுக்குக் கீழே போனால் பேட்டரிக்கு மாறுவது அதன் கடமை. அது மாறியது. ஆனால் மாறிய இடத்தில் பேட்டரி செத்துக்கிடந்தது. அதனால் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் நின்றது. அடுத்த நொடி வோல்டேஜ் ஏறியதும் யு.பி.எஸ். பழையபடி லைனுக்கு மாறியது. பயாஸில் கரண்ட் வந்தால் தானாக ஆன் ஆகும் செட்டிங் இருந்ததால் கம்ப்யூட்டரும் எழுந்துகொண்டது. ஒரு மாதமாக, ஒவ்வொரு மாலையும் பல முறை, எழுதிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் இப்படி அறுபட்டிருக்கிறது. ஃபைல் அமைப்பு கெடாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். யு.பி.எஸ். இல்லாமல் நேரடியாகச் செருகியிருந்தால் கூட 176 வோல்ட்டில் அந்த எஸ்.எம்.பி.எஸ். ஓடியிருக்கும். காப்பாற்ற வைத்ததே கவிழ்த்திருக்கிறது.

புது பேட்டரி போட்டதும் நின்றது. 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் அளவுள்ள சாதாரண பேட்டரி. இவை நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் தாங்குவது அரிது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் இந்த வகை பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். யு.பி.எஸ்.ஸை மேஜைக்கடியில் துணி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் திணித்து வைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். நீண்ட மின்வெட்டில் பீப் பீப் என்று கத்திக் கத்தி ஓய்ந்த யு.பி.எஸ்.ஸை அப்படியே நாட்கணக்கில் விட்டாலும் பேட்டரி போய்விடும். தீர்ந்த நிலையில் கிடக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடுகிறது. கரண்ட் போனால் ஷட்டவுன் செய்து, யு.பி.எஸ். பட்டனையும் ஆஃப் செய்துவிடுங்கள்.

பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று கம்ப்யூட்டரை வைத்துச் சோதிக்க வேண்டாம். யு.பி.எஸ்.ஸிலிருந்து கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பொருத்துங்கள். சுவிட்ச் போர்டில் பிளக்கைப் பிடுங்குங்கள். பத்து நிமிடமாவது மங்காமல் எரிய வேண்டும். ஒரு நிமிடத்தில் அணைந்தால் பேட்டரி முடிந்துவிட்டது. எல்.ஈ.டி. பல்பு வேண்டாம். அது இழுக்கும் 9 வாட்டுக்குச் செத்த பேட்டரியும் நடிக்கும்.

எஸ்.எம்.பி.எஸ். சந்தேகம் இருந்தால்

யு.பி.எஸ்.ஸை விலக்கி நேரடியாகச் சுவரில் செருகியும் விழுகிறது, முக்கியமாகக் கேம் ஆடும்போதோ வீடியோ எடிட் செய்யும்போதோ விழுகிறது என்றால் எஸ்.எம்.பி.எஸ்.தான் அடுத்த சந்தேகம். பயாஸில் ஹார்டுவேர் மானிட்டர் என்ற பக்கத்தில் வோல்டேஜ்களைப் பார்க்கலாம். மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சள் வயரில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம். 12 வோல்ட் லைன் 11.4க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். சிபியு கேஸைத் திறந்தால் மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி நிற்கும் சிறு உருளைக் கெபாசிட்டர்களின் தலையையும் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். அப்பளம் போல உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதுவே காரணம். 2000களின் தொடக்கத்தில் தரமற்ற ரசாயனம் நிரப்பிய கெபாசிட்டர்கள் உலகம் முழுக்க லட்சக்கணக்கான போர்டுகளை இப்படிக் கொன்றன.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெபாசிட்டரில் 320 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். மாற்றுவதானால் ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கும் பெயர் தெரியாத "450 வாட்" பெட்டி வேண்டாம். அதன் மேல் ஒட்டியிருக்கும் எண்ணுக்கும் உள்ளே இருப்பதற்கும் பல நேரம் உறவே இருக்காது. கையில் தூக்கிப் பாருங்கள், இறகு போல இருந்தால் வைத்துவிடுங்கள்.

ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் மெதுவாகத் துடைத்து மறுபடி அழுத்திப் பொருத்துவது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். எழுத்து வருமுன் விழும் கேஸ்களில் அது சில சமயம் பலிக்கிறது. செய்து பார்க்கலாம்.

கடைசியாக பயாஸ் செட்டிங் ஒன்று. ரீஸ்டோர் ஆன் ஏ.சி. பவர் லாஸ், ஏ.சி. பேக், ஆஃப்டர் பவர் லாஸ் என்று போர்டுக்குப் போர்டு பெயர் மாறும். அதை பவர் ஆஃப் என்று வையுங்கள். கரண்ட் மூன்று முறை வந்து வந்து போனாலும் கம்ப்யூட்டர் முதல் முறையோடு படுத்துவிடும். கரண்ட் நிலையாக வந்து ஐந்து நிமிடம் ஆனதும், ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கி ட்யூப்லைட் மினுக்காமல் எரிந்தால், நீங்களே போய் ஆன் செய்துகொள்ளலாம்.